மனோன்மணி போட்ட மூன்று கோடுகள்

மனோன்மணி தெருவில் நடந்து வந்தால் இடது கை மட்டும்தான் வீசும். வலது கை இடுப்போடு ஒட்டி, விரல்கள் மடங்கி, எதையோ பிடித்தபடியே வரும். பக்கவாதமோ என்று நினைத்து இரங்கியவர்கள் உண்டு. பக்கவாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருஷம் கணக்கு மிஷினின் கைப்பிடியைச் சுற்றிய கை அது. மிஷின் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்த சேதி இன்னும் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சைதாப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் பிறந்தவள். அப்பா துளசிங்கம் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து, கண்ணில் புரை விழுந்து, காலத்துக்கு முன்னாலேயே வீட்டோடு உட்கார்ந்தவர். அம்மா இல்லை. தம்பிகள் இரண்டு பேர், இரண்டு பேரும் படிப்பில். மனோன்மணி பள்ளி இறுதி வகுப்பில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினாள். அந்த இரண்டு எங்கே போயிற்று என்று கேட்டால் எழுபது வயதிலும் அவளுக்கு மூக்கு சிவக்கும். “விடை சரி. வழி நீளம்னு கொறச்சிட்டான்” என்பாள். அவள் அழகியில்லை என்று சொல்கிறவர்கள் அந்த மூக்கு சிவப்பதைப் பார்த்ததில்லை.

கிண்டிக் காட்டை ஒட்டி அப்போது ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. இருபது வயதில் அங்கே தினக்கூலிக்குப் போனாள். வேலையின் பெயர் கம்ப்யூட்டர். இன்றைக்கு அந்தப் பெயரில் பெட்டி இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெயரில் மனோன்மணி இருந்தாள். நீளமான அறையில் நாலு மேஜை, நாலு மிஷின், நாலு பெண்கள். கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். நாலும் சேர்ந்து சுற்றும்போது தையல் கடைக்குள்ளே ரயில் புகுந்த மாதிரி இருக்கும். பதினோரு மணிக்குத் தேநீர் வரும். ஜன்னலுக்கு வெளியே புள்ளிமான்கள் வந்து, குப்பையில் போட்ட கணக்குத் தாளைத் தின்னும். வடிகட்டித் தாளைத் தொடாது, கணக்கெழுதிய தாளைத்தான் தின்னும். “நம்ம கணக்குல உப்பு இருக்குடி” என்று பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது யாருக்கு வருகிறது?

கணக்கு எதற்கென்று முதல் ஆறு மாதம் அவளுக்கும் தெரியாது. பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பருப்பிலும் முட்டையிலும் நம் தலைமயிரிலும் இருக்கிறதே புரதம், அது மணி மணியாகக் கோத்த சங்கிலி. சில இடங்களில் அந்தச் சங்கிலி மாடிச் சுருள்படி போலச் சுற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு மணியும் நாலு மணி தள்ளியிருப்பதைக் கைநீட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் சுருள் நிற்கிறது. ஒவ்வொரு மணியிலும் சங்கிலி எந்தப் பக்கம், எவ்வளவு திரும்புகிறது என்று சொல்ல ஒரு கோணம் உண்டு. சுருளுக்குள்ளே இருக்கும் மணிகளுக்கு அந்தக் கோணம் கழித்தலில்தான் வரும். எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு. இதெல்லாம் அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். சுருள் ஏன் சுற்றுகிறது என்று அங்கே கேட்டால் நாலு பேர் நாலு பக்கமும் விளக்குவார்கள். சுற்றுகிற சுருள் ஓர் இடத்தில் ஏன் நிற்கிறது, நிற்கும்போது என்ன செய்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு தேநீர்ப் பக்கம் போய்விடும்.

கணக்கு கழித்தலில் போனால் மிஷினுக்குள்ளேயிருந்து டிங் என்று ஒரு மணி அடிக்கும். உடனே எண்ணுக்கு முன்னால் கோடு போட வேண்டும். சேர்ந்த முதல் வருஷம் மனோன்மணி ஒரு கோட்டை விட்டுவிட்டாள். அந்தக் கணக்கை நம்பித்தான் பட்டறை ஏகாம்பரம் பித்தளைக் கம்பியை வளைத்து மாதிரி செய்தார். சுருள் நடுவிலே முறுக்கிக்கொண்டு முருங்கைக்காய் போல நீட்டிக்கொண்டது. பற்றவைத்ததையெல்லாம் அவர் உடைத்து மறுபடி செய்தார். ஏகாம்பரம் நல்ல மனுஷன், ஆனால் நாக்குக்குக் கதவு கிடையாது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே மாறிப்போயிற்று.

“இன்னா ப்ளஸ்ஸு, இன்னிக்கு எந்தாண்ட திருப்பணும், சொல்லிட்டுப் போம்மே.”

இரண்டு வருஷம் அந்தப் பெயர் அந்தக் கட்டடம் முழுக்கச் சுற்றியது. மான் ஒன்றுதான் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு மனோன்மணி ஒரு கோட்டையும் விட்டதில்லை. அவள் கை பட்ட கணக்கை யாரும் சரிபார்ப்பதுமில்லை.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. ஏழாவது வருஷம் மார்ச் மாதம், கூடத்தின் தலைவி டாக்டர் சௌந்தரம்மாள் நாலு பெண்களில் ஒருத்தியை நிரந்தரமாக்க மேலிடத்துக்குப் பெயர் அனுப்பப் போவதாகச் சேதி வந்தது. அது மனோன்மணிதான் என்று மற்ற மூவருக்கும்கூடத் தெரியும். நிரந்தரமானால் அப்பாவின் கண்ணுக்கு ஆபரேஷன். பெரிய தம்பிக்குக் கல்லூரி. துளசிங்கம் வாசலில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடம், “எம்பொண்ணு சர்க்கார் மாதிரி உத்தியோகம்” என்று ஒரு மாதம் முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்த மார்ச்சில்தான் பூதலிங்கத்தின் சங்கிலி இடித்தது.

பூதலிங்கம் நாகர்கோவில் பக்கத்து ஆள், ஆராய்ச்சி மாணவர். பதினைந்து மணிச் சங்கிலியைத் தன் கையாலேயே கோத்து, உப்புக்கல் போலப் படிகமாக்கி, எக்ஸ்ரே படம் எடுத்து, நாலு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவர். கோணக் கணக்கு முழுக்க மனோன்மணி போட்டது. அதை வைத்து ஏகாம்பரம் மூன்று சங்கிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து மாதிரி செய்தார். சுருளெல்லாம் தேர்போல நின்றது. ஆனால் ஒவ்வொன்றின் வாலும் பக்கத்துச் சங்கிலியின் வயிற்றில் குத்திக்கொண்டு நின்றது. இரண்டு பொருள் ஓர் இடத்தில் இருக்க முடியாது என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. டாக்டரம்மா மாதிரியைச் சுற்றி வந்து பார்த்தார். அடித்தளமே தப்பாக இருக்கலாம், படிகத்தைப் படித்ததிலேயே கோளாறு இருக்கலாம், முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார்.

பூதலிங்கம் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார். மனோன்மணி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“ஊருக்குப் போயி பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்குப் பாடம் எடுக்கலாம்னு இருக்கேன், பாத்துக்கிடுங்க” என்றார். “இன்னும் நாலு வருசம் எங்கிட்ட இல்ல.”

அவளுக்கு அப்போதுதான் ஒன்று தட்டியது. பதினாலாவது மணி. அந்தக் கணக்கைப் போட்ட அன்று மிஷின் மணி அடித்ததா? அடித்த ஞாபகம் இல்லை. எழுபத்தெட்டு என்று வந்தது ஞாபகம் இருந்தது. சுருளில் இருக்கிற மணிக்கு இது கழித்தலாகத்தானே இருக்க வேண்டும், ரயில் போகிற சத்தத்தில் மணிச் சத்தம் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று தானாகவே ஒரு கோடு போட்டதும் ஞாபகம் இருந்தது. மறுபடி சுற்றிப் பார்க்கவில்லை. ப்ளஸ்ஸு என்ற பெயர் மறுபடி வந்துவிடுமே என்ற பயம். அந்தக் கூடத்தில் அப்படியொரு தப்பை வேறு யார் செய்திருக்க முடியும்? சரியாக வந்ததைத் தப்பு என்று நினைத்துத் திருத்துவதற்கும் கொஞ்சம் பாடம் தெரிந்திருக்க வேண்டுமே.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து பதினாலாவது மணியை மறுபடி போட்டாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். எழுபத்தெட்டு. மூன்று தரமும் மிஷின் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பூதலிங்கத்திடம் போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தார்.

“மிஷின் ஒண்ணு சொல்லுது, நீங்க வேற ஒண்ணு எழுதினீயளா?”

“ஆமா சார்.”

“நான் நாலு நாளா சோறு இறங்காம கெடக்கேன்.”

“தெரியும் சார். அதான் சொல்லிட்டேன். திட்டணும்னா திட்டிடுங்க.”

திட்டவில்லை. அவருக்குத் திட்டுவதற்கு நேரமில்லை, பட்டறைக்கு ஓடினார். ஏகாம்பரம் பதினாலாவது கணுவைச் சூடாக்கி எதிர்ப்பக்கம் திருப்பினார். பக்கத்துச் சங்கிலியைக் குத்திக்கொண்டிருந்த வால் அப்படியே மடங்கித் திரும்பி, சுருளின் மேலேயே வந்து உட்கார்ந்தது, பானைக்கு மூடி போட்ட மாதிரி. சுருளின் கடைசியில் இருக்கும் மணிகளுக்குப் பிடிக்க ஆளில்லாமல் கை அந்தரத்தில் நிற்குமே, மடங்கி வந்த வால் அந்தக் கைகளைத்தான் பிடித்துக்கொண்டது.

பதினாலாவது மணி கிளைசின். மணிகளிலேயே சின்னது. மற்ற மணிகளுக்கெல்லாம் தோளில் ஒரு மூட்டை உண்டு. மூட்டையோடு அந்தப் பக்கம் திரும்பினால் இடிக்கும். கிளைசினுக்கு மூட்டையே இல்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். எந்த மணி எந்தப் பக்கம் திரும்பலாம், எந்தப் பக்கம் கூடாது என்று சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கிளைசினுக்கென்று தனிப் படமும் அதன் பக்கத்திலேயே தொங்கியது. தினம் எல்லாரும் அதன் கீழே உட்கார்ந்துதான் தேநீர் குடித்தார்கள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். மனோன்மணி தன் தப்பைச் சொன்னபோது பாதிதான் காதில் வாங்கினார். அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு இது ஒன்றுதான் தப்பு, அதையும் தானாக வந்து சொன்னாயே, போகட்டும் என்றார். புதன்கிழமை மத்தியானத் தபாலில் பெயர் போகும் என்றும் சொன்னார். மனோன்மணிக்குக் காலில் தரை பட்டது.

அதோடு நின்றிருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் டாக்டரம்மா பூதலிங்கத்தைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்.

“சுருள் இப்படித்தான் முடியுதுன்னு ஒரு சங்கிலிய வச்சுச் சொல்ல முடியாது. தற்செயலா இருக்கலாம். இன்னும் ரெண்டு எடத்துல பாத்தா எழுதலாம். ரெண்டு படிகம் வளக்க மூணு வருஷம் ஆகும். காத்திருங்க.”

பூதலிங்கம் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற ஏகாம்பரம், யாரும் கேட்காமலே, பழைய மாதிரிகளைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். அலமாரி மேலே தூசியில் இருக்கும் அந்த இரண்டுக்கும்கூட இதே தொல்லைதான், வால் இடித்தது, இடிக்கிறது என்று போய்ச் சொன்னதற்கு, வால் படத்தில் மங்கல், வெட்டிவிடு என்றார்கள், வெட்டிவிட்டேன் என்றார். “நம்மளுக்கு இன்னா, வெட்டுன்னா வெட்டுவோம்.”

யாரும் காதில் வாங்கவில்லை. மனோன்மணி வாங்கினாள்.

அந்த இரண்டுக்கும் கணக்குப் போட்டவள் அவள்தான். படித்து முடித்துப் போய்விட்ட வேறு இரண்டு பேருடைய சங்கிலிகள் அவை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, தேநீர் நேரத்தில், பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தாள். ஒன்றில் எண்பத்தொன்று. இன்னொன்றில் எழுபத்திரண்டு. இரண்டும் வால் பக்கம், இரண்டும் கிளைசின். எண்கள் பேனாவில் இருந்தன. எண்ணுக்கு முன்னாலிருந்த கோடு மட்டும் பென்சிலில், பிறகு போட்டது. அவள் கை அவளுக்குத் தெரியாதா? மூன்று சங்கிலிகளும் எப்படி முடிகிறோம் என்று ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன. மூன்று தரமும் இவளே அவற்றின் வாயை மூடியிருக்கிறாள்.

மிஷினில் போட்டுப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை.

நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். புதன் மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வியாழக்கிழமை சொல்லிக்கொள்ளலாம். சொல்லாமலேயேகூட இருக்கலாம், யார் வந்து அந்தத் தூசியைத் தட்டப்போகிறார்கள்? பூதலிங்கம் மூன்று வருஷம் காத்திருப்பார். காத்திருக்கத்தானே வந்தார். இப்படியெல்லாம் மனசுக்குள் வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அப்பா பக்கத்து வீட்டுக்காரியிடம் கண் ஆபரேஷனுக்கு எந்த மாதம் நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அன்று அவள் சமைத்த குழம்பில் உப்பில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை; அவளே சொல்லிக்கொண்டாள்.

அவள் நல்லவள் என்பதால் சொன்னாள் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அது சரியில்லை. நல்லவர்கள் வியாழக்கிழமை சொல்லியிருப்பார்கள். அவளுக்கு அந்த மூன்று வாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தாங்கவில்லை. ஆறு வருஷம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எண் என்ன சொல்கிறது என்று ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டாமா? அதுதான் விஷயம். பயம் ஒரு பக்கம் இழுக்க, இது அதைவிடப் பலமாக இழுத்தது.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு டாக்டரம்மா அறைக்குள் போனாள். மேஜை மேல் அவள் பெயர் தட்டச்சு அடித்த தாள் இருந்தது. அதைப் பார்க்காமல் பேசினாள்.

“அம்மா, அந்த ரெண்டு படிகத்துக்கு மூணு வருஷம் காத்திருக்க வேணாம். நம்ம அலமாரியிலயே இருக்கு.”

“என்ன இருக்கு?”

“பழைய சங்கிலி ரெண்டுலயும் கடைசி கிளைசின் கூட்டல்லதான் வந்திருக்கு. நாந்தான் கோடு போட்டேன். பென்சில்ல.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மூணு தடவையா?”

“ஆமாம்மா.”

“வேற எங்கயாவது?”

“நேத்து எல்லா நோட்டும் பாத்தேன். வேற இல்ல.”

“அந்த ரெண்டு பேரும் இந்தக் கணக்க வச்சுப் பட்டம் வாங்கிட்டுப் போய்ட்டாங்க, தெரியுமா உங்களுக்கு?”

தெரியும் என்று தலையாட்டினாள். சுருளில் தப்பில்லை, வால் மட்டும்தான் என்று சொல்ல வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா கோபக்காரர் இல்லை. கோபக்காரராக இருந்தால் கத்திவிட்டு மறந்திருப்பார். தாளை எடுத்து, நாலாக மடித்து, இழுப்பறையில் போட்டார்.

“கணக்குல தானா கை வச்சவங்கள நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் கையெழுத்துப் போட முடியாது, மனோன்மணி. இந்த வருஷம் உங்க பேர் போகாது. அடுத்த வருஷமும் சொல்ல முடியாது.”

“சரிம்மா.”

“மூணு நோட்டையும் எடுத்துட்டு வாங்க. ஏகாம்பரத்தையும் வரச் சொல்லுங்க. இந்தத் தடவ கணக்க என் எதிர்ல போடுங்க.”

அன்றைக்கு முழுக்கப் போட்டாள். டாக்டரம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு எண்ணையும் பூதலிங்கம் உரக்கப் படித்தார். சுருளுக்குள்ளே இருந்த மணிகளுக்கெல்லாம் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே வந்த மிஷின், கிளைசின் வந்ததும் கப்சிப். ஏகாம்பரம் வெட்டிப்போட்ட வால்களைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துப் பற்றவைத்தார். பித்தளையை எறிகிற பழக்கம் அவருக்கு இல்லாதது நல்லதாயிற்று. நாலு மணிக்கு மூன்று சுருளும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூன்றும் ஒரே இடத்தில் திரும்பி, ஒரே மாதிரி மடங்கி, தன் வாலால் தன் தலையை மூடிக்கொண்டு நின்றன. ஏகாம்பரம் மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல, “சோக்காகீது தங்கச்சி” என்றார்.

நிரந்தரம் மூன்று வருஷம் தள்ளி வந்தது. அதற்குள் பெரிய தம்பி கல்லூரிக்குப் போகாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தான். ஏன் போய்ச் சொன்னாய் என்று அக்காவை அவன் ஒரு தரம்தான் கேட்டான், அதுவும் கோபத்தில். பூதலிங்கத்துக்குப் பட்டம் கிடைத்து வெளிநாடு போனார். புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார், பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

அந்தப் புதன்கிழமை மாலை சைதாப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, சந்துக்குள் நுழையும்போதே அப்பா வாசலில் நாற்காலியில் இருப்பது தெரிந்தது. கண் தெரியாவிட்டாலும் அவள் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும்.

“பேரு போயிடுச்சாம்மா?”

“இல்லப்பா. போகாது. நான் தப்பு பண்ணிட்டேன்.” எல்லாவற்றையும் சொன்னாள். சங்கிலி, மணி, கோடு, எல்லாம். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரையால் எப்போதும் நீர் வடியும்.

“மூணும் ஒரே மாதிரி இருந்திச்சா?” என்றார்.

“இருந்திச்சுப்பா.”

“எப்பிடித் திரும்பிச்சு, காட்டு.”

அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் தன் விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டே வந்தாள். மணிக்கட்டு வரைக்கும் வந்ததும் நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்பி, மேலே கொண்டுவந்து வைத்தாள்.

துளசிங்கம் கையை மூடிக்கொண்டார். “இன்னொரு தரம் காட்டு” என்றார்.